வாளியைக் கேட்டவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். வீட்டைச் சூடாக்கும் பழைய கேஸ் பாய்லர் போய்விட்டதாம், "வேலன்ட் கம்பெனியோடது போடட்டுமா, வூஸ்டர் பாஷ் போடட்டுமா, உங்க வீட்ல என்ன?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் காம்பி பாய்லர், அதாவது வீட்டைச் சூடாக்குவதோடு, தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் குழாயைத் திறந்ததும் சூடாக்கித் தருவது, மாட்டி மூன்று குளிர்காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் இயந்திரத்தைப் பற்றி. சத்தமே இல்லை. இதுவரை ஒருநாள்கூட நின்றதில்லை. வருடம் ஒருமுறை சர்வீஸ் செய்தால்தான் வாரண்டி செல்லும், அதைத் தவறாமல் செய்கிறேன். இரண்டாவது சர்வீஸுக்கு வந்தவர் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75 டிகிரியிலிருந்து 55-க்கு இறக்கிவிட்டுப் போனார். திரும்பி வரும் தண்ணீர் 55-க்குக் கீழே இருந்தால்தான் புகையில் இருக்கும் நீராவி குளிர்ந்து, அந்தச் சூடும் நமக்குக் கிடைக்குமாம். அன்றிலிருந்து வீடு ஒரே சீராக, இதமாக இருக்கிறது. அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் தினமும் காலை ஏழிலிருந்து எட்டு வரை வந்து பாருங்கள். மாடியில் மகள் ஷவரில் நிற்கும்போது கீழே சமையலறையில் யாராவது சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் போதும், ஷவர் நூலாக இளைத்துவிடும். மூன்று வருடமாக இந்தக் கூச்சல் ஓயவில்லை.

லண்டன் ஹாரோவில் 1930-களில் கட்டிய மூன்று படுக்கையறை வீடு எங்களுடையது. பரணில் தண்ணீர்த் தொட்டி, மாடி அலமாரிக்குள் சுடுதண்ணீரைச் சேர்த்து வைக்கும் செம்பு சிலிண்டர் என்று பழைய ஏற்பாடு. 2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டியதே, அந்த வாரம்தான் பழைய பாய்லர் உயிரை விட்டது. அப்போதுகூட சிலிண்டருக்குள் இருந்த 3 கிலோவாட் மின்சார இம்மெர்ஷன் ஹீட்டரால் குளிக்கத் தண்ணீர் கிடைத்தது. அதன் அருமை அன்று தெரியவில்லை.

கொட்டேஷன் கொடுக்க மூன்று பேர் வந்தார்கள். முதல் இருவரும் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. ரேடியேட்டர்களை எண்ணினார்கள், பழைய பாய்லரின் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள், "மூணு பெட்ரூம், ரெண்டு ஷவர், அப்போ 35 கிலோவாட் காம்பி" என்றார்கள். தொட்டியும் சிலிண்டரும் போய்விடும், ஒரு அலமாரி மிச்சம் என்றார்கள். மூன்றாவது ஆள் வந்ததும் வாளி இருக்கிறதா என்று கேட்டார். நம் வீட்டுக் குளியலறையில் வாளி இல்லாமல் இருக்குமா, பத்து லிட்டர் வாளியை எடுத்துக் கொடுத்தேன். தெருக் குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும் சமையலறைக் குழாயின் கீழே அதை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நிறைய ஒரு நிமிடம் ஆனது. அப்புறம் மீட்டரிலிருந்து வரும் கேஸ் குழாயின் அளவைப் பார்த்தார், ஒவ்வொரு அறையிலும் டேப் வைத்து அளந்தார். ஒன்றரை மணி நேரம்.

நான்கு நாள் கழித்து அவர் அனுப்பியதில் தெளிவாக எழுதியிருந்தார்: நிமிடத்துக்குப் பத்து லிட்டர்தான் வருகிறது, எத்தனை பெரிய காம்பி வைத்தாலும் இரண்டு குழாய்க்கு அது போதாது, சிலிண்டரை வைத்துக்கொள்ளுங்கள், காம்பிதான் வேண்டும் என்றால் 24 கிலோவாட்டே போதும். விலை 3,450 பவுண்டு. இரண்டாவது ஆள் 3,200 சொல்லி, நாளை மறுநாளே வருகிறேன் என்றார். வீட்டில் எல்லோரும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த இரண்டாவது ஆளுக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு வந்த அன்று, பழையதைக் கழற்றிய பிறகு, கேஸ் குழாய் 15 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, 35 கிலோவாட்டுக்கு 22 மில்லிமீட்டர் வேண்டும், இன்னும் 350 பவுண்டு ஆகும் என்றார்கள். முதல் நாளே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்கு அடங்காத கோபம் இந்த இடத்தில்தான்.

கணக்கு சின்னதுதான். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் தண்ணீரை 40-க்கு ஏற்ற வேண்டும். 24 கிலோவாட்டால் அப்படி நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தர முடியும், 35-ஆல் பதினான்கு லிட்டர். தெருவிலிருந்து வருவதே பத்து என்றால் மிச்ச நான்கை எங்கிருந்து தரும்? வீட்டைச் சூடாக்கவும் அவ்வளவு தேவையில்லை. கடும் குளிரிலும் எங்கள் வீட்டுக்கு ஏழெட்டு கிலோவாட் போதும் என்று அறைகளை அளந்தவர் எழுதியிருந்தார். நாங்கள் வாங்கிய 35 ஏழு கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது, அதனால் குளிர் குறைவான அக்டோபரில் பற்றுவதும் அணைவதுமாகவே ஓடுகிறது.

நியாயமாகச் சொன்னால், காம்பி வேண்டும் என்று கேட்டது நான்தான். அவசரப்பட்டதும் நான்தான். ஆனால் எனக்குத் தெரியாததைச் சொல்லத்தானே அவர்களைக் கூப்பிட்டேன்?

இப்போது ஹீட் பம்ப், அதாவது வெளியிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குத் தரும் மின்சார இயந்திரம், மாட்ட அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. அதைப் போடலாமா என்று விசாரித்தால் முதல் கேள்வியே சிலிண்டர் வைக்க இடம் இருக்கிறதா என்பதுதான். மிச்சமான அலமாரியில் பெட்டிகளும் பழைய பாடப் புத்தகங்களும் கிடக்கின்றன. முன்பு அதே அலமாரியில் மழைக்காலத்தில் சிலிண்டரின் சூட்டில் துண்டு, வேட்டி எல்லாம் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும்.

அதனால் பாய்லர் நல்ல பாய்லர், குறை சொல்ல மாட்டேன், ஆனால் இதை இன்னொரு முறை வாங்க மாட்டேன். நண்பரிடம் பிராண்ட் பேச்சை விடச் சொன்னேன். வேலைக்கு வரும் ஆளின் கேஸ் சேஃப் அட்டையை, அதாவது கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்று காட்டும் அட்டையை, திருப்பி, பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று போட்டிருப்பதைப் படிக்கச் சொன்னேன். எவரையும் கூப்பிடும் முன் இன்று ராத்திரியே சமையலறைக் குழாயின் கீழே வாளியை வைத்து, நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். இன்னும் சொல்லவில்லை.