நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோமா, மூடர் கூடமா?

பெரிய நட்சத்திரம் இல்லை, பணமும் கம்மி, இருந்தாலும் எடுத்தே தீருவோம் என்று வந்த தமிழ் நகைச்சுவைப் படங்களில் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இரண்டைத்தான். பாலாஜி தரணிதரனின் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012), நவீனின் ‘மூடர் கூடம்’ (2013). ‘சூது கவ்வும்’ எங்கே என்று கேட்பீர்கள். அதில் அமைச்சர், போலீஸ், கடத்தல் என்று கதை ஊரெல்லாம் சுற்றுகிறது, அது வேறு ரகம். இந்த இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் என் ஓட்டு முதல் படத்துக்கு.

கதை என்று பார்த்தால் அதில் ஒரு வரிதான். கல்யாணம் நெருங்கும் நேரத்தில் கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கப் போய் மாப்பிள்ளைக்குப் பின்னந்தலையில் அடி, கடைசி ஒரு வருஷம் சுத்தமாக மறந்துபோகிறது, இப்போது நடப்பதும் மனதில் நிற்பதில்லை, காதலித்த பெண்ணே யாரென்று தெரியவில்லை. மூன்று நண்பர்கள் இதை வெளியே தெரியாமல் மூடி மறைத்து அவனை மணமேடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்த சம்பவம் இது, படத்துக்கு ஒளிப்பதிவு செய்ததும் அவரேதான்.

அந்த வரவேற்புக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்தோடு பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்து விஜய் சேதுபதி “ப்பா” என்கிறார், கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டு, முதல் தடவை பார்ப்பதுபோல மறுபடியும் அதையே சொல்கிறார். தொனி மாறுவதே இல்லை. அவர் ஒரு தடவை கொஞ்சம் கூட்டி நடித்திருந்தாலும் காட்சி செத்திருக்கும். என்ன சொல்லப்போகிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுவதால் நம் கண் நண்பர்கள் பக்கம் போய்விடுகிறது, யார் காதில் விழுந்ததோ என்று பதறும் அந்த முகங்களைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். செலவே இல்லாத சிரிப்பு இது. ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து ஒரு படத்தையே தூக்கி நிறுத்துவதற்கு அசாத்திய நம்பிக்கை வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, இரண்டாம் பாதியைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். அப்புறம், மணப்பெண்ணாக வரும் காயத்ரிக்கு நிற்பதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை, நகைச்சுவையே அந்தப் பெண்ணின் ஒப்பனையை வைத்து என்பது இன்றைக்குப் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது.

மூடர் கூடம் வேறு வழியில் சிக்கனம் பிடிக்கிறது. போலீஸ் காவலில் சந்தித்துக்கொள்ளும் நான்கு பேர் ஒரு பணக்கார வீட்டுக்குள் புகுந்து குடும்பத்தையே பிடித்துவைக்கிறார்கள், படத்தின் பெரும்பகுதி அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. எழுத்து, இயக்கம், தயாரிப்பு என்று எல்லாம் நவீன், நால்வரில் ஒருவராக நடித்ததும் அவரே. மாட்டிக்கொண்டவர்களுக்கும் முன்கதை கொடுத்ததுதான் இதன் பெரிய அழகு, திருட வந்தவன் யார், திருடன் யார் என்ற கேள்வி அதிலிருந்து தானாக எழுகிறது. முட்டாள் என்ற சொல்லைத் தாங்கவே முடியாத சென்றாயன் பாத்திரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆள் வெடிக்கிற இடத்தில் சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. இந்த ஆழம் முதல் படத்தில் கிடையாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் காட்சியே சொல்லிவிட்ட விஷயத்தை நவீன் வாயாலும் விளக்குகிறார். உலகம், அறிவு, பணம் என்று வசனம் நீளும்போது பிடித்துவைக்கப்பட்ட குடும்பத்தின் பயம் கரைந்துபோகிறது. ஆபத்து போனால் அந்த வீட்டுக்குள் சிரிப்புக்கு ஏது இடம்? பாலாஜி எதையும் விளக்கவில்லை, தாலி கட்டும்வரை பதற்றத்தை விடவும் இல்லை.

வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்க்க நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்தான் சரி. படம் முடிந்தபிறகு நண்பர்களோடு உட்கார்ந்து சண்டை போட ஆசை என்றால் மூடர் கூடம். குறும்படம் எடுக்கிறவர்கள் இரண்டையும் பார்க்கட்டும், ஆனால் எழுதத் தொடங்கும் முன் அந்த வரவேற்புக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு நண்பர்களின் முகங்களை மட்டும் ஒருமுறை பாருங்கள்.