சுறா விரட்டும் காந்தப் பட்டையும் டேப் சுற்றிய பழைய கருவியும்: ஆஸ்திரேலியாவில் டைவ் செய்வோர் கவனத்துக்கு

தெற்கு ஆஸ்திரேலியக் கடலில் ஸ்கூபா டைவ் செய்யக் கிளம்புகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் டைவிங் குழுவுக்குச் சுறா விரட்டும் சாதனம் என்று இரண்டு பொருள்கள் வாங்கப்பட்டன. ஒன்று கடையில் விற்ற காந்தக் கைப்பட்டை, மற்றது ஆன்லைனில் ஒருவர் விற்ற பழைய மின்கருவி. இரண்டும் உதவவில்லை. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதைக் காரணம் காட்டிக் கடைக்காரர் பட்டையைத் திருப்பி எடுக்க மறுத்தார். கருவியை விற்றவர் ஃபோனையே எடுப்பதில்லை.

முதலில் பட்டை. சுறாவின் மூக்குப் பகுதியில் ஜெல்லி நிறைந்த சிறு துளைகள் உண்டு, லோரென்சினி குடுவைகள் என்பார்கள். தண்ணீரில் மிக நுண்ணிய மின்புலத்தையும் அவை உணரும். காந்தத்தின் அருகே நீந்தினால் அந்த உணர்வு கலங்கி சுறா விலகிப் போகும் என்பதுதான் விற்பனைப் பேச்சு. யோசனையில் தவறில்லை, தூரத்தில்தான் கோளாறு. காந்தத்தின் வலு தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறையும்: இரண்டு மடங்கு தள்ளினால் எட்டில் ஒரு பங்கு, பத்து மடங்கு தள்ளினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. டைவ் காம்பஸை மேசையில் வைத்து, பட்டையை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து மெல்ல நெருக்கிப் பாருங்கள். முதலில் முள் அசையாது, ஒரு முழத்துக்குள் வந்த பிறகுதான் திரும்பத் தொடங்கும். மணிக்கட்டில் கட்டிய பட்டை காலைக் காக்காது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கடைக்காரர் சொல்லாத இன்னொரு ஆபத்தும் உண்டு. காம்பஸ் கட்டிய அதே கையில் இதையும் கட்டினால் திசை தவறும். கலங்கல் தண்ணீரில் படகைத் தேடித் திரும்பும்போது அது சின்ன விஷயமல்ல.

ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் நெப்டியூன் தீவுகளில் வெள்ளைச் சுறாக்களிடம் ஐந்து சாதனங்களைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தச் சாதனமும் இல்லாதபோது 96 சதவீதம் தடவை, வைத்த இரையைச் சுறா கவ்விக்கொண்டு போயிற்று. அலைப்பலகையில் பொருத்தும் மின்கருவி ஒன்று அதை 40 சதவீதமாகக் குறைத்தது. காந்தப் பட்டையும் வாசனை மெழுகும் சொல்லும்படி எதையும் மாற்றவில்லை. ஐந்தில் சிறந்ததே 40 சதவீதத்தை விட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள். 'முழுப் பாதுகாப்பு' என்று அட்டையில் அச்சடித்த எதையும் வாங்காதீர்கள்.

மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதியவரைக் 'கடல்கட்டி' என்றார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்குக் கூலி என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். மந்திரத்தை அளந்து பார்க்க அன்று வழியில்லை. இன்று வழி இருக்கிறது, அளந்த பிறகு வாங்குங்கள்.

அடுத்தது மின்கருவி. டைவர்களுக்கான வகையில் பெட்டி கணுக்காலில் இருக்கும், அதிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் வால் ஒன்று பின்னால் மிதந்து வரும். ஒரு மின்முனை பெட்டியருகே, மற்றது வாலில். இரண்டும் தண்ணீரில் இருந்தால்தான் இடையில் மின்புலம் உருவாகும். எங்களுக்கு வந்ததில் விளக்கு எரிந்தது, ஆனால் தண்ணீரில் துடிப்பே இல்லை. வால் பெட்டியோடு சேரும் இடத்தில் கறுப்பு டேப் சுற்றி, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உறை விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது, உள்ளே கம்பி பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வாலை இறுக்கிச் சுருட்டி வைப்பதாலும், நல்ல தண்ணீரில் அலசாமல் விடுவதாலும் வருவது இது. விளக்கு எரிந்தால் பெட்டிக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் பொருள்.

பழையது வாங்குவதானால் வாலை முழுக்க விரலால் தடவிப் பாருங்கள், சேரும் இடத்தை வளைத்துப் பாருங்கள். பிறகு உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மின்முனைகளையும் இறக்கி, விற்பவரையே நடுவில் கை வைக்கச் சொல்லுங்கள். விரல் தசை விட்டுவிட்டுத் துடிக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. நல்ல கருவியிலும் மின்புலம் வாலைச் சுற்றித்தான் வலுவாக இருக்கும், தலைப்பக்கம் அந்த அளவு இருக்காது. ஆகவே சுறா வந்தால் கருவியை நம்பிச் சும்மா இருக்காமல், சுறாவைக் கண்ணை விட்டு அகலாமல் பார்த்தபடி, கூட வந்தவரோடு முதுகோடு முதுகு சேர்ந்து நின்று, பதறாமல் படகுப் பக்கம் நகருங்கள்.

பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் பணம் கிடையாது என்று கடைக்காரர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, பொருள் அட்டையில் சொன்னதைச் செய்யாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. அட்டையில் உள்ள வாசகத்தைப் படமெடுத்து, ரசீதோடு சேர்த்துக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்திருக்கிறோம்.