மாதம் ஐயாயிரம்: சீட்டா, ஆர்.டி.யா, எஸ்.ஐ.பி.யா?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர் பக்கம் இருக்கும் நம்மவர்கள் கையில் மாதம் ஐயாயிரம் மிஞ்ச ஆரம்பித்தால் வீட்டில் உடனே பேச்சு கிளம்பிவிடும். அக்கா தெருச் சீட்டில் சேரச் சொல்வார், அப்பா போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) விட்டு நகர மாட்டார், கூட வேலை பார்ப்பவர் எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) என்பார். ஆளுக்கொரு சதவீதமும் சொல்வார்கள். அந்த மூன்று சதவீதங்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. அதனால் எது பெரிய எண் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆர்.டி.யிலிருந்து தொடங்கலாம், அதுதான் எளிது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. 60 மாதத் தவணை. 2023 அக்டோபரில் அதன் வட்டி 6.7 சதவீதமானது. அந்த வட்டியில் மாதம் 5,000 கட்டினால், கட்டிய 3 லட்சம் முடிவில் சுமார் 3,56,800 ஆகும். லாபம் கிட்டத்தட்ட 19 சதவீதம். 6.7 எங்கே, 19 எங்கே? இரண்டுமே சரிதான். 6.7 என்பது ஆண்டு வட்டி, 19 என்பது மொத்த லாபம். முதல் தவணை ஐந்து ஆண்டு உள்ளே கிடக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். சராசரியாகப் பார்த்தால் பணம் இரண்டரை ஆண்டுதான் வேலை செய்திருக்கிறது.

இந்த ஒரு கணக்கு புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஐந்து ஆண்டு எஸ்.ஐ.பி. கட்டியபின் செயலியில் ‘அப்சல்யூட் ரிட்டர்ன் 19 சதவீதம்’, அதாவது மொத்த லாபம் அவ்வளவு, என்று தெரிந்தால், அது ஆர்.டி.யைத் தாண்டவே இல்லை. பார்க்க வேண்டியது எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதியில் போனது, பணம் எந்தத் தேதியில் திரும்பியது என்பதை வைத்து ஆண்டு விகிதம் சொல்லும் கணக்கு அது. எக்செலில் ஒரு வரிசையில் தேதி, அடுத்த வரிசையில் தொகை, கட்டியதற்கு மட்டும் மைனஸ் போட்டால் போதும். சீட்டையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பார்க்கவே வேண்டும், ஏனென்றால் சீட்டில்தான் சதவீதம் கண்ணுக்கே தெரியாது.

20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு. மாதாமாதம் ஏலத்தில் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதப் பணம். அப்படி விட்டுக்கொடுக்கும் தொகைதான் ‘தள்ளு’. நடத்துபவர் கமிஷன் 5 சதவீதம். முதல் மாதம் அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி 70,000க்கு எடுக்கிறார். அந்த 30,000இல் கமிஷன் 5,000 போக மீதி 25,000 இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு 1,250. ஆக அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 3,750தான். தள்ளு மாதாமாதம் குறைந்துகொண்டே போய், கடைசி மாதம் கமிஷன் மட்டுமே கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 மாதத்தில் ஒருவர் கட்டியது மொத்தம் 87,500.

கடைசியில் எடுப்பவர் கைக்கு 95,000 வரும். லாபம் 7,500, ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம். ஆர்.டி.யைவிட மேல் என்பது உண்மை. முதலில் எடுத்தவரோ 70,000 வாங்கி 87,500 கட்டுகிறார். கூடுதல் 17,500தானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய அடுத்த மாதமே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுகிறார் அல்லவா? கணக்குப் போட்டால் மாதம் இரண்டேகால் வட்டிக்கும் மேல் வருகிறது, பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 28 சதவீதம். ஒரே சீட்டு ஒருவருக்குச் சேமிப்பு, இன்னொருவருக்குக் கடன். சேமிப்பவரின் லாபம் கடன் எடுப்பவரின் அவசரத்திலிருந்து வருகிறது. அவசரக்காரர் யாரும் இல்லையென்றால் தள்ளு சுருங்கும், கடைசி ஆளின் லாபமும் சுருங்கும். ‘சீட்டில் இவ்வளவு வரும்’ என்று யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம்.

சம்பளச் சீட்டு காட்டினால் வங்கிக் கடன் கிடைக்கிற நிலையில் உள்ளவர் முதல் மாதமே தள்ளி எடுப்பது வீண் நஷ்டம். ஆனால் பூக்கடை வைத்திருப்பவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் வங்கிக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. தினவட்டிக்காரரிடம் போவதற்குச் சீட்டு எவ்வளவோ மேல். அதை யாரும் மட்டமாகப் பேசக் கூடாது.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, நடத்துபவர் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடான வைப்பும் காட்ட வேண்டும். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது. கர்நாடக அரசின் எம்.எஸ்.ஐ.எல். நிறுவனமே சீட்டு நடத்துகிறது. தெருச் சீட்டில் இந்தக் காகிதம் எதுவும் இருக்காது. நடத்துபவர் நல்லவராகவே இருக்கலாம். எடுத்தவர்கள் இரண்டு பேர் கட்டாமல் போனால் அவரால் என்ன செய்ய முடியும்? அந்த 11 சதவீதத்துக்காக ஒரு லட்சத்தை வெறும் நம்பிக்கையில் விட நான் சொல்ல மாட்டேன்.

எஸ்.ஐ.பி.யில் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். எஸ்.ஐ.பி. என்பது கட்டும் முறைதான், எங்கே முதலீடு ஆகிறது என்பது ஃபண்டைப் பொறுத்தது. என்.ஏ.வி., அதாவது ஃபண்டின் ஒரு யூனிட் விலை, 50 ஆக இருந்தால் 5,000க்கு 100 யூனிட், 40க்கு இறங்கினால் 125. இறக்கத்தில் கூடுதல் யூனிட் சேரும், நல்லதுதான். ஆனால் பணம் தேவைப்படும் மாதமும் இறக்கமும் ஒன்றாக வந்தால்? 2020 ஜனவரியில் 42,000ஐத் தொட்ட சென்செக்ஸ் (மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடு) மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே முடிந்தது. அன்றைக்கு வீட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தவருக்கு நீண்டகால சராசரி எந்த உதவியும் செய்திருக்காது. ஏழு, எட்டு ஆண்டு தொடத் தேவையில்லாத பணத்துக்குத்தான் பங்குச்சந்தை ஃபண்ட். சேரும்போது டைரக்ட் பிளானா, ரெகுலரா என்று கேளுங்கள். ரெகுலரில் விற்பவர் கமிஷனும் செலவு விகிதத்துக்குள் (ஃபண்ட் நடத்த உங்கள் பணத்திலிருந்து ஆண்டுதோறும் கழியும் சதவீதம்) அடங்கும். ஒரு சதவீத வித்தியாசம் என்றாலும் 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய், லாபம் வந்தாலும் வராவிட்டாலும்.

வரியையும் பார்த்துவிடலாம். ஆர்.டி. வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரிவிகிதத்தில் வரும். பங்கு ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால், ஆண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு மட்டும் 12.5 சதவீதம். இது 2024 ஜூலை பட்ஜெட்டில் வந்த மாற்றம்.

என்னைக் கேட்டால், அடுத்த ஜூனில் பள்ளிக் கட்டணம், இரண்டு ஆண்டில் வீடு மாற்றம் என்று தேதி தெரிந்த செலவுக்கு வங்கி ஆர்.டி. போதும், தேவைக்கேற்ற மாதக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். தேதி தெரியாத, ஆனால் வந்தே தீரும் பெரிய செலவுக்கு, வங்கிக் கடன் கிடைக்காதவர் பதிவான சீட்டில் ஒன்று மட்டும் சேரலாம், முடிந்தவரை கடைசி மாதங்களில் எடுக்கலாம். ஐயாயிரத்தில் மூவாயிரம் இப்படிப் போனாலும் மீதி இரண்டாயிரத்தை எஸ்.ஐ.பி.யில் இன்றே தொடங்கிவிடுங்கள்.