ஹாட் பிளாஸ்டா, கோல்ட் பிளாஸ்டா: பழைய லாந்தரில் எது மேல்?

நம்ம ஊரில் அரிக்கேன் விளக்கு என்று சொல்கிற லாந்தரின் இரண்டு பக்கமும் இருக்கும் குழாய்கள் பிடிமானத்துக்கு மட்டும் இல்லை, காற்று போவதே அந்த வழியாகத்தான். அந்தக் காற்று எப்படிப் போகிறது என்பதை வைத்து ஹாட் பிளாஸ்ட், கோல்ட் பிளாஸ்ட் என்று லாந்தரில் இரண்டு வகை. இரண்டுமே அமெரிக்கரான ஜான் இர்வின் காப்புரிமை வாங்கியவை. ஹாட் பிளாஸ்ட் 1869, கோல்ட் பிளாஸ்ட் 1873.

ஹாட் பிளாஸ்டில் சுடரிலிருந்து மேலே போகும் சூடான காற்றில் ஒரு பகுதி, வெளிக்காற்றோடு கலந்து குழாய் வழியே திரும்பவும் பர்னருக்கே இறங்கும். ஏற்கெனவே எரிந்த காற்று, ஆக்சிஜன் குறைவு, அதனால் சுடரும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் மண்ணெண்ணெய் குறைவாகக் குடிக்கும், அமைப்பும் எளிது.

கோல்ட் பிளாஸ்டில் எரிந்த காற்று நடுவிலிருக்கும் புகைபோக்கி வழியாக நேராக வெளியே போய்விடும், அந்தப் புகைபோக்கியைச் சுற்றி லாந்தரிலேயே இருக்கும் காற்றறையிலிருந்து புதுக் காற்று மட்டும் குழாய் வழியே கீழே இறங்கும். வெளிச்சம் வெள்ளையாக, நல்ல பிரகாசமாக இருக்கும், எண்ணெய்தான் சீக்கிரம் தீரும். ஜெர்மனியின் ஃபியூயர்ஹாண்ட் நிறுவனத்தின் 276 என்ற லாந்தர் இந்த வகைதான்.

படிக்க, வேலை பார்க்க என்றால் நான் யோசிக்காமல் கோல்ட் பிளாஸ்ட் எடுப்பேன். ராத்திரி முழுக்கத் திண்ணையில் சும்மா எரியணும் என்றால் சரி, ஹாட் பிளாஸ்டே போதும்.