சிறு தொழில்களுக்கு இங்க்ஸ்கேப்பில் லோகோ: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

திருப்பூர் பனியனின் கழுத்து லேபிள், ஈரோட்டு மஞ்சள்தூள் பாக்கெட், கோவை கிரைண்டரின் பெயர்த்தகடு, சென்னிமலை பெட்ஷீட் கவர். கொங்குப் பக்கம் ஒரு சிறு தொழிலுக்குப் போடும் லோகோ கடைசியில் போய் ஒட்டும் இடங்கள் இவைதான். இங்க்ஸ்கேப் எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும்.

இது கணினியில் படம் வரைவதற்கான இலவச மென்பொருள், 2003-ல் சோடிபோடி என்ற பழைய வரைகலை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. வரைவது வெக்டார் (அளவை எவ்வளவு மாற்றினாலும் தெளிவு குறையாத கோட்டுரு) என்பதால் 2 செ.மீ. லேபிளுக்கும் 20 அடி பேனருக்கும் ஒரே ஃபைல் போதும். நமக்கு இதைவிடப் பெரிய லாபம் தமிழ் எழுத்து. யூனிகோட் தமிழ் உடையாமல் அப்படியே வரும். பழைய கோரல் ட்ரா வரைகலை மென்பொருள் ஓடும் டிடிபி கடைகளில் பாமினி, வானவில் என்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி எழுத்துருக்கள் எல்லாமே திறந்த உரிமத்தில் கிடைப்பவை. வணிகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பெயரைத் தட்டி முடித்ததும் கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்தி எழுத்தைப் பாதையாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு உருவமாக) மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத அச்சகக் கணினியில் பெயர் வேறு முகத்தோடு திறக்கும். அதோடு வேலை முடிவதில்லை. கி, கு போன்ற எழுத்துகளில் கொம்பும் கொக்கியும் மூல எழுத்தின் மேல் ஏறி நிற்கலாம். திரையில் தெரியாது, வினைல் வெட்டும் பிளாட்டரில் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த ஒவ்வொரு கோட்டையும் கத்தி தனித்தனியாக வெட்டி எழுத்தைத் துண்டாக்கிவிடும். 'யூனியன்' கொடுத்து ஒன்றாக்குங்கள். தடித்த கோடாக வரைந்தவற்றை 'ஸ்ட்ரோக் டு பாத்' மூலம் உருவமாக்குங்கள். இல்லையென்றால் பிளாட்டர் கோட்டின் நடுவே ஒற்றை வெட்டுப் போட்டுவிட்டுப் போய்விடும்.

புள்ளிக்குத் தனிக் கவனம் வேண்டும். எழுத்து உயரம் 5 மி.மீ. இருக்கும் நெய்த லேபிளில் மெய்யெழுத்தின் புள்ளி அரை மி.மீ. கூட வராது. நூல் அதைக் காட்டாது. 'மில்ஸ்' என்பது 'மிலஸ' ஆகிவிடும். புள்ளியை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, வளையமாக இருந்தால் நிரப்பி, எழுத்திலிருந்து சற்று மேலே தூக்கி வையுங்கள். ண, ஸ்ரீ ஆகியவற்றின் உள்வளைவுகள் எம்பிராய்டரியில் அடைத்துக்கொள்ளும். அவற்றையும் கோட்டின் முனைகளை (நோடுகளை) நகர்த்தும் 'நோட்' கருவியால் கையாலேயே விரிக்க வேண்டும். எழுத்துரு எவ்வளவு நல்லதானாலும் இந்த வேலை தப்பாது.

பழைய போர்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதே மாதிரி போட்டுக் குடுங்க" என்பார்கள். படத்தைத் தானாகக் கோடாக்கும் 'டிரேஸ் பிட்மேப்' ஒரு நொடியில் உருவாக்கிக் கொடுக்கும்தான். ஆனால் நேராக இருக்க வேண்டிய விளிம்பு நெளியும், நூற்றுக்கணக்கில் நோடு சேரும், பிளாட்டர் திக்கித் திக்கி ஓடும். டிரேஸ் செய்ததை அடியில் மங்கலாக வைத்து, மேலே பேனா கருவியால் புதிதாக வரைவதே சரி. ஒரு வட்டத்துக்கு 4 நோடு போதும். படத்தையும் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும்.

இங்க்ஸ்கேப் நிஜமாகவே சறுக்குவது நிறத்தில். உள்ளே எல்லாம் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை. அப்படியே பிடிஎஃப் ஆக்கி ஆஃப்செட் அச்சுக்குக் கொடுத்தால் பளீர் பச்சையும் நீலமும் மங்கும். கருப்பு நாலு மையும் கலந்து வரும். மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில் ஒரு இழை தப்பினாலும் சிறு எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும். வழி இரண்டு. பிடிஎஃப்-ஐ ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றி நிறங்களை சிஎம்ஒய்கே (அச்சின் நாலு மைகளான சயான், மஜெந்தா, யெல்லோ, கருப்பு) ஆக்குவது ஒன்று. அச்சகத்தார் கோரலில் திறக்கும்போது நிறங்களை மாற்றச் சொல்லி எண்களை எழுதிக் கொடுப்பது மற்றொன்று. மஞ்சளுக்கு மஜெந்தா 30, யெல்லோ 100 என்று தொடங்கலாம். கருப்புக்கு கே, அதாவது கருப்பு மை, 100 மட்டும். நிழல், மங்கல் விளைவுகள் கோரலுக்குப் போகும்போது பாதி உடையும். லோகோவில் அவை வேண்டவே வேண்டாம்.

திருப்பூர் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். பாக்கெட் அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். நாலு நிற லோகோவின் செலவு தொழில் நடக்கும் வரை கூடவே வரும். அதனால் முதலில் ஒற்றைக் கருப்பில் வரைந்து, 15 மி.மீ., 25 மி.மீ. அளவுகளில் ஏ4 தாளில் அச்செடுத்துக் கை நீளத்தில் வைத்துப் படியுங்கள். பெயர் தெரிந்த பிறகே நிறத்துக்குப் போங்கள்.

சிலர் வட்டத்துக்குள் ஆர் குறியையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். வணிகச் சின்னமாகப் பதிவான பிறகே அதைப் போடலாம். முன்பே போடுவது சட்டப்படி தவறு. அதுவரை டிஎம் போதும். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய். பனியனுக்கு 25, பெட்ஷீட்டுக்கு 24, மஞ்சள்தூளுக்கு 30-வது வகுப்பு. ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதற்காக அந்த முத்திரையைப் பாக்கெட்டில் வைத்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்க வேண்டும்.

கைமாற்றும்போது மூல எஸ்விஜி (இங்க்ஸ்கேப் சேமிக்கும் ஃபைல்), பாதையாக மாற்றிய பிடிஎஃப், ஒற்றை நிறப் பிரதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி நான்கையும் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு தாளில் பதிப்புரிமை ஒப்பந்தமும் எழுதிக்கொள்ள வேண்டும். வெளியாள் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, எழுதி மாற்றிக் கொடுக்கும் வரை வரைந்தவரிடமே நிற்கும். காலம் குறிக்காமல் எழுதினால் அந்த மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். எனவே "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்" என்று தெளிவாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.