8,750 ரூபாய் போச்சு: ஃபைபர் லைனுக்கு ‘நாய்ஸ் ஃபில்டர்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

இன்று காலையில்தான் உண்மை தெரிந்தது. கை இன்னும் நடுங்குகிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 8,750 ரூபாய். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம்.

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். வீட்டில் ஃபைபர் இணைப்பு. மழை தொடங்கியதிலிருந்து சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு மேல் நெட் அறுந்து அறுந்து வரும். பகலில் ஒரு குறையும் இருக்காது. சரியாக டியூஷன் நேரத்தில் மோடத்தில், லைனில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு மின்னும், நான் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன். இணைப்பு கொடுத்த கம்பெனியில் புகார் பதிந்து நாலு நாள் ஆகியும் ஆள் வரவில்லை. பரீட்சை நெருங்குகிறது, பெற்றோர் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த அவசரத்தில்தான் கம்ப்யூட்டரும் சிசிடிவி கேமராவும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன்.

இரண்டு வாரம் முன்னால் ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தக் கடைப் பையன் வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அம்மாவைப் பார்த்து வணக்கம் சொல்லி, அவ்வளவு மரியாதையாகப் பேசினான். அம்மா காபி போட்டுக் கொடுத்தார். மாடிக்குப் போனான், தெருவைப் பார்த்தான், இறங்கி வந்து சொன்னான்: “அக்கா, பின்னாடி டிரான்ஸ்ஃபார்மர் இருக்குல்ல, அதுதான் காரணம். சாயங்காலம் ஊரே லைட்டு, மோட்டார் போடும். லோடு ஏறும். அந்த நாய்ஸ் உங்க லைன்ல ஏறுது.”

நேரம் பொருந்திவிட்டது பாருங்கள். சாயங்காலம்தான் அறுகிறது என்று நானே சொல்லியிருந்தேன், அதற்கு ஒரு காரணத்தைக் கச்சிதமாகக் கொண்டுவந்து வைத்தான். நம்பினேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அப்புறம் என் ஃபோனை வாங்கி, கடைசி அறையில் நின்று வேகம் பார்த்தான். 11 எம்பிபிஎஸ். புது ரவுட்டர் ஒன்று, வைஃபையைத் தூரத்துக்கு எட்டவைக்கும் பூஸ்டர் ஒன்று, மின் இரைச்சலைத் தடுக்கும் நாய்ஸ் ஃபில்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, மூன்றையும் மாட்டிவிட்டு மறுபடி பார்த்தான். 92. “பாத்தீங்களா அக்கா!” என்றான். நானும் பார்த்தேன். அவன் இந்த முறை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்றதையும், ஃபோனை, பக்கத்தில் இருந்தால் வேகமாக வரும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றியிருந்ததையும் மட்டும் பார்க்கவில்லை. பழைய மோடத்திலேயே ஹாலில் நின்று பார்த்திருந்தால் வேகம் நன்றாகத்தான் வந்திருக்கும். தூரமும் நடுவில் இரண்டு சுவரும் வைஃபையைத் தின்றன, லைனை இல்லை.

ரவுட்டர் 4,200, பூஸ்டர் 2,900, ஃபில்டர் 1,150, மாட்டுகூலி 500. மொத்தம் 8,750. ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு “கடையில வந்து வாங்கிக்கோங்கக்கா” என்றான்.

அன்று சாயங்காலம் ஆறே முக்காலுக்கு அதே சிவப்பு விளக்கு.

ஃபோன் போட்டேன். “ரெண்டு நாள் ஓடட்டும், செட் ஆயிடும்.” மூன்றாம் நாள் போட்டேன். “லைன்காரங்களைக் கேளுங்க, எங்க சாமான்ல குறை இல்ல.” நேரில் போனேன். முதலாளி ஊரில் இல்லையாம். மறுநாள் போனேன், சாப்பிடப் போயிருக்கிறாராம். நாற்பது நிமிடம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், ஒருத்தர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் முதலாளி வந்து, “பெட்டி பிரிச்சாச்சே மேடம், எப்படித் திரும்ப எடுக்கிறது?” என்றார். அக்கா என்று கூப்பிட்ட வாயெல்லாம் மேடம் என்று மாறிவிட்டது. பில் இன்றுவரை தரவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அதில் கடை முத்திரைகூட இல்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஒருவழியாக லைன்மேன் அண்ணன் வந்தார். மோடத்தில் சொருகியிருந்த ஃபைபரைக் கழற்றி ஒரு சின்ன மீட்டரில் வைத்தார். கழித்தல் 21.4 டிபிஎம். ஃபைபரில் வருகிற வெளிச்சத்தின் அளவு அது. “நல்லாத்தானேம்மா இருக்கு” என்றார். எப்போது அறுகிறது என்று கேட்டார். சொன்னேன். வயர் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டே போய், ஹால் ஜன்னல் பக்கத்தில் நின்றார். “இதை எப்ப சாத்துவீங்க?”

கொசுவுக்காக ஆறரை மணிக்கு அம்மா சாத்துவார். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் சாத்துகிற வழக்கமே இல்லை.

ஜன்னலைச் சாத்திவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார். கழித்தல் 29.6. இந்தக் கணக்கில் 3 குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும். இங்கே குறைந்தது 8.2. ஆறில் ஒரு பங்கு வெளிச்சம்கூட மோடத்துக்கு வரவில்லை. கழித்தல் 27-க்குக் கீழே போனால் மோடம் தடுமாறத் தொடங்கிவிடும் என்றார். பிறகு பேனா மாதிரி ஒன்றை எடுத்து வயருக்குள் சிவப்பு வெளிச்சம் விட்டார். ஜன்னல் சட்டத்தில் வயர் மடங்கி நசுங்கிய இடத்தில் சிவப்பாகக் கசிந்தது. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

சுவரில் ஓட்டை போட்டு, வயரை மடங்காமல் இழுத்து, புதுக் கனெக்டர் போட்டுக் கொடுத்தார். மறுபடி கழித்தல் 21-க்கு வந்துவிட்டது. காசு வாங்கவில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஃபைபருக்குள் ஓடுவது மின்சாரம் இல்லை, கண்ணாடி இழையில் வெளிச்சம். டிரான்ஸ்ஃபார்மரோ மோட்டாரோ அந்த வெளிச்சத்தை ஒன்றும் செய்ய முடியாது. அந்த வெள்ளைப் பெட்டி, செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் ஃபோன் பேச்சையும் நெட்டையும் பிரித்த ஸ்ப்ளிட்டர். அந்தப் பையன் அதை மோடத்தின் டெலிஃபோன் துளையில் மாட்டியிருந்தான். நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்கு 1,150 ரூபாய்!

செம்புக் கம்பியாக இருந்தால் கதை வேறு. அதில் போகும் சிக்னல் மீடியம் வேவ் ரேடியோவின் அலைவரிசையிலேயே ஓடுவதால், பழுதான அடாப்டர், டியூப்லைட் சோக், எது வேண்டுமானாலும் தொந்தரவு கொடுக்கும். வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில், ஒருவர் தினமும் காலை ஏழு மணிக்குப் போட்ட பழைய டிவியால் 18 மாதம் ஊர் முழுக்க நெட் விழுந்தது என்று 2020-இல் செய்தி வந்தது. அப்படி உண்மையாக நடப்பதால்தான் இந்தப் பொய் நம்பும்படி இருக்கிறது. பாதி உண்மையைத் தெரிந்துகொண்டு வந்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரமாகச் சில மட்டும். எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் அது ரவுட்டர் பிரச்சினை இல்லை, லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். டிபிஎம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். விளக்கு பச்சையாக இருந்தும் வேகம் இல்லை என்றால் கம்ப்யூட்டரை மோடத்தோடு நேரே இணைக்கும் லேன் வயரில் ஒருமுறை வேகம் பார்த்துவிட்டு வைஃபையைச் சந்தேகப்படுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறும். வயரை ஜன்னல், கதவு வழியாக விடாதீர்கள். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே வைக்காதீர்கள், நெட் வருகிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. பில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லப் போகிறேன். ஜிபே விவரமும் துண்டுச் சீட்டும் எடுத்து வைத்துவிட்டேன். ரவுட்டரையும் பூஸ்டரையும் அந்த வெள்ளைப் பெட்டியையும் பையில் போட்டாயிற்று. நாளைக்குக் கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன். என் 8,750 ரூபாய் வரவேண்டும்.