எட்டு வாரமா, ஐந்து நாளா: எடை குறைப்பில் தசைக்கு என்ன நடக்கிறது?

குத்துச்சண்டை, மல்யுத்தம் போல எடைப் பிரிவு உள்ள ஒரு விளையாட்டில் 70 கிலோ வீரர் ஒருவர் 66 கிலோ பிரிவில் இறங்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ என்று எட்டு வாரம் இழுக்கலாம். கடைசி ஐந்து நாளில் மாவுச்சத்தை நிறுத்தி, வியர்வை உடை, சௌனா (சூடான அறை) என்று உட்கார்ந்து இறக்கவும் செய்யலாம். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேகமான வழியில் தசை நார் கரைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐந்து நாளில் அப்படிப் பெரிதாக எதுவும் கரையாது. போவது தண்ணீரும் கிளைகோஜனும் (மாவுச்சத்திலிருந்து தசை சேமித்து வைக்கும் எரிபொருள்). தசையில் முக்கால் பங்கு தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது தீர்ந்ததும் எடை மளமளவென்று இறங்கும். ஒரே ஒரு குத்தின் பலம் அவ்வளவாகக் குறையாது. சிக்கல் அடுத்தடுத்த பாய்ச்சலில்தான்: எரிபொருள் இல்லை, ரத்தத்தின் அளவும் சுருங்கிவிட்டது, மூன்றாவது சுற்றில் கை தொங்கிவிடும். எல்லை மீறி வெப்பத்தில் பயிற்சி செய்தால் தசைச் செல்கள் சிதைந்து, அவற்றிலிருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீர் அடர் பழுப்பாக வந்தால் எடையை மறந்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். 1997 இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சௌனாவும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன.

மெதுவான வழியில் கொழுப்பு கரையும். எடைப் பயிற்சியும், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.4 கிராம் வரை புரதமும் இருந்தால் தசை தங்கும். ஆனால் பட்டினிபோல் வாரக்கணக்கில் இருந்தாலோ, கரைக்கக் கொழுப்பே இல்லாத உடலாக இருந்தாலோ, உண்மையான தசை நார் போவது இந்த வழியில்தான். அது ஒரு பாட்டில் உப்புக் கரைசலில் திரும்பி வராது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எடை பார்ப்பதற்கும் போட்டிக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளுங்கள். காலியான கிளைகோஜன் நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தொழில்முறைக் குத்துச்சண்டைபோல் முந்தின நாளே எடை பார்த்தால் ஓரளவு மீளலாம். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் போட்டியன்று காலையில் எடை பார்ப்பார்கள். அங்கே வறண்ட தசையோடுதான் மோத வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்கு என் கணக்கு: மூன்றரைக் கிலோவை வாரக்கணக்கில் இறக்கி, மிச்சத்தைக் கடைசி இரண்டு மூன்று நாள் நார்ச்சத்து குறைந்த உணவில் விடுவது. அப்போது காலியாவது குடல்தான், தசை இல்லை.